தாலி கட்டினதும் அரை மணி நேரத்துல எல்லா குரூப் போட்டோவும் முடியுமா?

ஜூலை 19, கேள்வி

தங்கச்சி கல்யாணம் ஆவணியில, வெள்ளிக்கிழமை. முகூர்த்தம் 9 - 10:30. முந்தின நாள் வியாழன் சாயங்காலம் 7 மணிக்கு அதே மண்டபத்துல ரிசப்ஷன். போட்டோகிராபர் "தாலி கட்டினதும் அரை மணி நேரம் குடுங்க, ஃபேமிலி குரூப் எல்லாம் முடிச்சிடலாம்"ங்கறார். ரெண்டு வீட்டையும் சேர்த்து 22 குரூப் எழுதி வச்சிருக்கேன். நடக்குமா?

ஜூலை 19, இரவு

நடக்காது. படம் எடுக்க 20 நொடி போதும், ஆளைச் சேர்க்கத்தான் நேரம். கூப்பிட்டு, மேடை ஏத்தி, உயரம் பார்த்து நிறுத்தி, ஓடுற பிள்ளையைப் பிடிச்சு, எடுத்து, இறக்கி விட ஒரு குரூப்புக்கு 3 நிமிஷம். 22 குரூப்புக்கு 66 நிமிஷம். நடுவுல மொய்க் கவரோட ஏறுறவங்களைத் தடுக்க முடியாது, அதுக்கு இன்னொரு 15. அரை மணியில பத்து குரூப் தேறும். மீதி 12 குரூப்காரங்க அடுத்த கல்யாணம் வரைக்கும் அதையே சொல்லிக் காட்டுவாங்க.

ஆடி மாசம், போட்டோகிராபரும் சும்மாதான் இருப்பார். இப்பவே உக்காந்து பேசிடுங்க.

ஜூலை 20

நேத்து ரிசப்ஷன் கணக்கை விட்டுட்டேன். "மீதியை ரிசப்ஷன்ல எடுத்துக்கலாம்"னு அடுத்து சொல்லுவாங்க, அதனால இது. 7 மணியிலருந்து 9:30 வரைக்கும் 150 நிமிஷம். ஒரு குடும்பம் ஏறி, கவர் குடுத்து, நின்னு இறங்க 40 நொடின்னு வச்சாலும் 225 குடும்பம்தான் போகும். வரிசைக்கே அது பத்தாது. வரிசையை நிறுத்திட்டு சித்தப்பா குடும்பத்தை ஏத்தினா கீழ நிக்கறவங்க நேரா சாப்பிடப் போயிடுவாங்க.

அதனால முந்தின நாள் எடுக்கறதா இருந்தா 5:45 - 6:45 மட்டும்தான். அதுக்குப் பொண்ணு 5:30க்கு ரெடியாகணும், மேக்கப்புக்கு 2:30க்கு உக்காரணும். வியாழக்கிழமை ராகு காலம் 1:30 - 3. "அந்த நேரத்துல ஆரம்பிக்காதே"ன்னு வீட்டுல ஒரு குரல் கட்டாயம் வரும். 1:15க்கே பொட்டு வச்சு ஆரம்பிச்சதா கணக்குக் காட்டிடுங்க.

ஜூலை 21

கேட்டவர் 22 குரூப்பையும் அனுப்பியிருக்கார். "1. அப்பா சைடு. 2. அம்மா சைடு. 3. கசின்ஸ்..." இதை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. போட்டோகிராபருக்கு அப்பா சைடு யாருன்னு தெரியாது. ஒவ்வொரு குரூப்புக்கும் ஆள் பேர், மொத்த எண்ணிக்கை, உக்கார வேண்டியவங்க எத்தனை பேர், அந்த நேரத்துல அவங்க எங்க இருப்பாங்க, இந்த நாலும் வேணும். கடைசி விஷயத்தை யாரும் எழுத மாட்டாங்க, படம் கெட்டுப் போறது அதுலதான். பெரியப்பா பந்தியில நிப்பார். சித்தப்பா மொய் நோட்டோட உக்காந்திருப்பார். மாமா வேனுக்கு டீசல் போடப் போயிருப்பார். மொய் எழுதற இடத்துல கால் மணி நேரத்துக்கு மாத்தி உக்கார நம்பகமான ஒரு ஆளை முன்னாடியே சொல்லி வைங்க, ரொக்கம் இருக்கற இடம்.

இன்னொண்ணு, எந்த நாள் யாரைன்னு பிரிக்கற முறை. கசின்ஸ், நண்பர்கள், ஆபீஸ்காரங்க வியாழன் சாயங்காலம். வயசானவங்க வெள்ளி காலை. ரிசப்ஷன் உடுப்புல எடுத்த படத்தைப் பாட்டிகள் கணக்குல சேர்க்க மாட்டாங்க. கூறைப்புடவை, கழுத்துல தாலி, இதோட எடுத்தாத்தான் அவங்களுக்குப் படம்.

ஜூலை 22

தனியா கூப்பிடவே தேவையில்லாத குரூப் அஞ்சாறு இருக்கும். சடங்கே அவங்களை மேடையில நிறுத்திடும். பாத பூஜையில அப்பா அம்மா. மாமன் சீர், பட்டம் கட்டற நேரத்துல தாய்மாமன் குடும்பம். மூணாவது முடிச்சுக்கு நாத்தனார். பொரி இடற இடத்துல பொண்ணோட அண்ணன் தம்பி. சம்பந்தி மரியாதையில ரெண்டு வீட்டுப் பெரியவங்களும். சடங்கு முடிஞ்ச அந்த நொடியில "அப்படியே நில்லுங்க, இங்க பாருங்க"ன்னு ஒரு குரல், 20 நொடி, முடிஞ்சது. பத்து நிமிஷம் கழிச்சு அதே தாய்மாமனைத் தேடினா மண்டபத்துல இருக்க மாட்டார்.

இதை ஐயர்கிட்ட முந்தின நாளே சொல்லி வைங்க. தாலிக்கு முன்னாடி இருக்கற சடங்குகள்ல அவர் நிறுத்த ஒத்துக்க மாட்டார், முகூர்த்த நேரம் ஓடிட்டிருக்கும். அதுவும் நியாயம்தான். தாலிக்கு அப்புறம் மூணு இடத்துல நிறுத்தித் தருவார். எந்தச் சடங்கு எந்த வரிசையில வருதுங்கறது வீட்டுக்கு வீடு மாறும், அதனால அவர் வாயால கேட்டு எழுதிக்கங்க.

ஜூலை 22, கொஞ்ச நேரம் கழிச்சு

19ஆம் தேதி போட்ட 3 நிமிஷக் கணக்கைத் திருத்தணும். ஒவ்வொரு குரூப்பையும் தனித்தனியா ஏத்தி இறக்கினாத்தான் 3 நிமிஷம். பெருசுலருந்து சின்னதுக்குப் போனா பாதியில முடியும். அப்பா வழி மொத்தப் பேரையும் ஏத்துங்க, ஒரு படம். அதுல பெரியப்பா குடும்பத்தை மட்டும் நிறுத்தி மத்தவங்க ஓரமா ஒதுங்கட்டும், அடுத்து அத்தை குடும்பம், அடுத்து சித்தப்பா. யாரும் படி இறங்கக் கூடாது. தாத்தா பாட்டி நடு நாற்காலியில ஒரு தடவை உக்காந்தா எழுந்திருக்கவே வேண்டாம், மத்தவங்க அவங்களைச் சுத்தி மாறட்டும். முட்டி வலிக்காரங்களை நாலு தடவை மேடை ஏத்தினா அஞ்சாவது தடவை வர மாட்டாங்க.

இப்படிப் பார்த்தா 22 குரூப்பும் ஏழு ஏத்தத்துல அடங்குது.

ஜூலை 24

"பாட்டியோட பொண்ணு மாப்பிள்ளை மட்டும்"னு பட்டியல்ல 14ஆவது. மூணு பேர்! பாட்டியே நிக்க மாட்டாங்க. யாராவது ஒரு பொடியனை இழுத்து நாலாக்குவாங்க, கடைசியில பாட்டி படத்துல பக்கத்து வீட்டுப் பையன் சிரிச்சிட்டிருப்பான். நாலாவது ஆள் யாருன்னு நீங்களே முடிவு பண்ணி எழுதிடுங்க.

ஜூலை 27

மேடை, நாற்காலி, லென்ஸ், லைட். நீளமா வரும்.

மண்டப மேடை தரையிலருந்து 3, 3½ அடி உயரம். கேமராக்காரர் கீழ நின்னு எடுத்தா கேமரா மேடை மட்டத்துலருந்து 2 அடியில இருக்கும், எல்லாருக்கும் மூக்குத் துவாரமும் ரெட்டைத் தாடையும்தான் விழும். நிக்கறவங்க நெஞ்சு உயரத்துக்குக் கேமரா வரணும்னா அவர் 2½ - 3 அடி ஸ்டூல் மேல நிக்கணும். பிளாஸ்டிக் நாற்காலி கிடையாது, நாலு காலும் ஆடாத இரும்பு ஸ்டூல். மண்டபத்துல இருக்கான்னு கேளுங்க, இல்லேன்னா டெக்கரேஷன்காரர் ஏணியில வேலை செஞ்சிருப்பார், அதை அவர் எடுத்துட்டுப் போகாமப் பார்த்துக்கங்க.

மேடை ஆழம் 10 - 12 அடிதான் இருக்கும். அதுல பாதியை ராஜா சோபா பிடிச்சுக்கும். குரூப் நேரத்துல சோபாவைப் பின்னாடி தள்ளணும் இல்ல எடுத்துடணும். பூ அலங்காரத்தோட கட்டி வச்சிருந்தா அசையாது, அதனால டெக்கரேஷன் பேசும்போதே சொல்லிடுங்க. கீழ முதல் ரெண்டு வரிசை நாற்காலியையும் நடுவுல எடுத்துடணும், 15 அடி வழி வேணும்.

லென்ஸ்: ஃபுல் ஃபிரேம் கேமராவுல 35 மி.மீ. போதும். 4 மீட்டர் தள்ளி நின்னா கிட்டத்தட்ட 4 மீட்டர் அகலம் விழும், 15 பேர் மூணு வரிசையில தாராளமா அடங்குவாங்க. இடம் இல்லைன்னு இன்னும் அகலமா எடுக்கற 24 மி.மீ. லென்ஸுக்குப் போனா ஓரத்துல நிக்கறவங்க முகம் கால் பங்கு அகலமாகிடும். 35ல அது எட்டுல ஒரு பங்கு, 50ல கண்ணுக்கே தெரியாது. ஓரத்துல நிறுத்தற ஆளைப் பார்த்து நிறுத்துங்க. ஏற்கனவே உடம்பா இருக்கற அத்தையை 24 மி.மீ. ஓரத்துல நிறுத்தறது பகை.

வரிசை: முன்னாடி கை இல்லாத நாற்காலி அஞ்சு, இடைவெளி விடாம. கை வச்ச நாற்காலி போட்டா அஞ்சு பேருக்குள்ள ஒரு அடி வீணாகும். நிக்கறவங்க நேரா நிக்காம தோளை லேசா உள்பக்கம் திருப்பினா ஒரு ஆளுக்கு 50 செ.மீ. பிடிக்கற இடம் 40ஆக் குறையும். பின் வரிசைக்குப் பந்தி பெஞ்சு வேண்டாம், மடக்கற கால் இருக்கறது மடங்கிடும். உயரமானவங்களைப் பின்னாடி நிறுத்தினாலே மூணு வரிசை வரும். பிள்ளைங்க ஜமுக்காளத்துல, மடியில வேண்டாம். மடியில உக்காந்தா பட்டுப்புடவை மறையும், அதுக்குன்னு தனியா ஒரு மனஸ்தாபம் வரும்.

அபர்ச்சர் (லென்ஸ் திறப்பு, எஃப் எண் கூடினா திறப்பு சின்னதாகும்) எஃப் 8, ஷட்டர் (திறந்திருக்கற நேரம்) 1/100 நொடி, ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை வாங்கற திறன்) 800, ரெண்டு ஃப்ளாஷ். நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், ட்யூப்லைட் நொடிக்கு 100 தடவை மினுக்கும், அதனால 1/100 இல்லேன்னா 1/50. பின்னாடி எல்இடி திரை இருந்தா கோடு விழுதான்னு முந்தின நாளே ஒரு படம் எடுத்துப் பாருங்க. கோடு விழுந்தா குரூப் நேரத்துல திரையில ஒரே கலரை நிறுத்தச் சொல்லி வெளிச்சத்தைக் குறைங்க, இல்லேன்னா அணைச்சிடுங்க.

டெக்கரேஷன் பார் லைட்டுதான் பெரிய எதிரி. ஊதா, நீலம், பச்சைன்னு மாறி மாறி அடிக்கும். ஃப்ளாஷ் முகத்தைச் சரி பண்ணிடும், ஆனா வேட்டியோட நிழல்ல ஊதா நிக்கும். அரை மணி நேரத்துக்கு வெள்ளையில நிறுத்தச் சொல்லுங்க. அந்த லைட் கலரை மாத்தற பெட்டியை இயக்கத் தெரிஞ்ச பையன் காலையில மண்டபத்துல இருக்கானான்னு முதல்ல பாருங்க, டெக்கரேஷன்காரங்க ராத்திரியே கிளம்பிடுவாங்க.

ஜூலை 28

நேத்து எஃப் 8னு எழுதினது பழக்க தோஷம். கணக்குப் போட்டா: 35 மி.மீ., 4 மீட்டர், எஃப் 5.6ல தெளிவு 2.6 மீட்டர்லருந்து 8.8 மீட்டர் வரைக்கும் இருக்கு. மூணு வரிசைக்கு மொத்த ஆழமே ஒண்ணரை மீட்டர்தான். அப்போ எஃப் 8 எதுக்கு? ஃப்ளாஷ் ரெண்டு மடங்கு பலத்துல வெடிக்கும், சார்ஜ் ஏற லேட்டாகும், அடுத்த படம் இருட்டா விழும். 5.6 போதும். ஃபோகஸ் ரெண்டு வரிசைன்னா முன் வரிசையில, மூணுன்னா நடு வரிசையில.

ஃப்ளாஷ் பத்தியும் விட்டேன். ரெண்டு பக்கமும் 45 டிகிரியில வைக்கறது ஜோடிக்குச் சரி. மூணு வரிசைக்கு அப்படி வச்சா முன் வரிசைத் தலை நிழல் பின் வரிசைக் கன்னத்துல ரெண்டு பக்கமும் விழும். லைட்டைக் கேமராவுக்குக் கிட்ட கொண்டுவந்து, மேடை மட்டத்துலருந்து 7 - 8 அடி உயர்த்தணும். மூக்குக்கண்ணாடி மினுக்கறதும் அதுல பாதி போயிடும், மீதிக்குத் தாடையை அரை அங்குலம் இறக்கச் சொன்னாப் போதும். மேடையில இடம் இருக்குன்னு லைட்டை ஓரத்துல ஒருத்தர் பக்கத்துலயே வைக்காதீங்க. அது ஒரு ஓரத்து ஆளுக்கு 2 மீட்டர், மறு ஓரத்து ஆளுக்கு 6 மீட்டர்னா வெளிச்சம் ஒன்பது மடங்கு வித்தியாசப்படும். மாமா வெள்ளைச் சுவர் மாதிரியும் மாமி சாயங்காலம் மாதிரியும் விழுவாங்க.

ஜூலை 29

"பொண்ணு எந்தப் பக்கம்?" வலம் இடம்னு பேசினா சண்டை வரும், யாரோட வலம்னு. ஜோடி நிக்கற கோணத்துல பொண்ணு மாப்பிள்ளைக்கு இடப்பக்கம்னு வச்சா கேமராவுல அவங்க வலப்பக்கம் தெரிவாங்க. கூப்பிடற ஆள்கிட்ட வலம் இடம் சொல்லவே சொல்லாதீங்க. "பொண்ணு வீட்டுக்காரங்க ஜன்னல் பக்கம், மாப்பிள்ளை வீட்டுக்காரங்க நாதஸ்வரம் பக்கம்"னு சொல்லிடுங்க.

ஆகஸ்ட் 1

கேட்டவர் தனியா கேட்டதை இங்கயே எழுதறேன், பல வீட்டுல இருக்கறதுதான். கணவரை இழந்த பெரியம்மா, கூப்பிட்டாலும் மேடை ஏற மாட்டாங்களாம். "கடைசியில பார்த்துக்கலாம்"னு விட்டா கடைசின்னு ஒண்ணு வராது. அவங்க பேரைக் குரூப்போட நடு நாற்காலிக்கு எழுதுங்க, ஓரத்துக்கு இல்ல. மைக்ல கூப்பிட வேண்டாம், எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்க. பொண்ணே இறங்கி வந்து கையைப் பிடிச்சு ஏத்தினா எந்த ஊர்ப் பேச்சும் நிக்காது. அதுக்குத் தாலி கட்டின பிறகு, கூட்டம் பந்திக்கு நகர்ந்த நேரம் சரி.

ஆகஸ்ட் 2

இறந்துபோன தாத்தா படத்தை குரூப்புல வைக்கணும்னா: சட்டத்துலருந்து கண்ணாடியை முந்தின நாளே கழட்டிடுங்க. கழட்ட முடியலன்னா மேல்பக்கம் கொஞ்சம் முன்னாடி சாயற மாதிரி பிடிக்கணும், 10 டிகிரி. நேரா பிடிச்சா ஃப்ளாஷ்தான் தெரியும், தாத்தா தெரிய மாட்டார். பூமாலையைச் சட்டத்தோட மேல் மூலைகள்ல மட்டும் கட்டுங்க, இல்லேன்னா முகத்துக்குக் குறுக்க தொங்கும். பிடிக்கற ஆள் பாட்டியா இருந்தா கை நடுங்கும், மடியில நிக்க வச்சு ரெண்டு கையாலயும் பிடிக்கட்டும்.

ஆகஸ்ட் 5

கூப்பிடற ஆள். ஒரு வீட்டுக்கு ஒருத்தர், முகம் தெரிஞ்சவர், வாய் இருக்கறவர். பெரும்பாலும் அத்தைதான். மைக் வேண்டாம், நாதஸ்வரத்தோட போட்டி போட முடியாது. அத்தை கையில பட்டியல் காகிதத்துல இருக்கட்டும், பெரிய எழுத்துல. போன்ல வச்சா நடுவுல யாராவது வழி கேட்டுக் கூப்பிடுவாங்க. ஒரு குரூப் மேடையில நிக்கும்போதே அடுத்த குரூப் படிக்கட்டுக்குக் கீழ நிக்கணும். இது ஒண்ணு நடந்தாலே பாதி நேரம் மிச்சம்.

கேமரா ஒண்ணுதான் பேசணும். கேண்டிட்காரர், வீடியோக்காரர், கிரேன், கீழ பத்து மாமா கையில போன், எல்லாரும் "இங்க பாருங்க"ன்னா பதினஞ்சு பேரும் பதினஞ்சு பக்கம் பார்ப்பாங்க. முதல்ல போட்டோகிராபர் எடுக்கட்டும், அப்புறம் போன்காரங்களுக்கு 10 நொடி.

எதையும் நிறுத்தக்கூடிய வாக்கியம் ஒண்ணு இருக்கு: "இலை போட்டாச்சு". அதைச் சொன்ன பிறகு குரூப் போட்டோன்னு யாரையும் பிடிச்சு வைக்க முடியாது. சமையல்காரர்கிட்ட பேசி, குடும்பத்து ஆட்களுக்கு ரெண்டாவது பந்தின்னு முன்னாடியே சொல்லிடுங்க. சர்க்கரை, பிரஷர் மாத்திரை போடறவங்களுக்கு 8 மணி டிபன்ல இட்லி போயிருக்கணும், 11:30க்கு மேல தாங்காது.

ஆகஸ்ட் 7

ஹோமப் புகையை மறந்துட்டேன். தாலி முடிஞ்ச உடனே மேடை மேல புகை தொங்கும், ஃப்ளாஷ் அடிச்சா முழுப் படமும் பால் ஊத்தினாப்ல வெளுக்கும். பத்து நிமிஷம் மின்விசிறியை வேகமா ஓட்டி, ஹோமகுண்டத்தை எடுத்தப்புறம் எடுங்க. அந்தப் பத்து நிமிஷத்துல பொண்ணுக்கு முகம் துடைச்சு மாலையைச் சரி பண்ணலாம். ரோஜா மாலை நகையையும் புடவை உடலையும் முழுசா மறைக்கும், ஒரு குரூப்பாவது மாலை இல்லாம வேணும்னா கழட்டலாமான்னு பெரியவங்ககிட்ட முன்னாடியே கேட்டுக்கங்க. சில வீட்டுல கூடாதும்பாங்க.

ஏசி ரூம்ல வச்ச கேமராவைக் கொண்டுவந்தா லென்ஸ் வேர்க்கும், கடலோர ஊர்ல கால் மணி நேரம் ஆகும். துடைச்சா திரும்பத் திரும்ப வேர்க்கும். கேமரா பை மண்டபத்துலயே இருக்கட்டும்.

ஆகஸ்ட் 9

எத்தனை தடவை எடுக்கணும்? கண் சிமிட்டறதுக்குக் கணக்கு உண்டு, கிண்டல் இல்ல. ஆஸ்திரேலியாவுல சிஎஸ்ஐஆர்ஓங்கற அரசு ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த பியர்ஸ் பார்ன்ஸ், நிக் ஸ்வென்சன் ரெண்டு பேரும் போட்ட கணக்குக்கு 2006ல இக் நோபல் (சிரிக்க வச்சு யோசிக்க வைக்கற ஆராய்ச்சிக்கான பரிசு) குடுத்தாங்க. 20 பேருக்குக் கீழன்னா நல்ல வெளிச்சத்துல ஆள் எண்ணிக்கையை 3ஆல வகுக்கணும், மங்கின வெளிச்சத்துல 2ஆல. 15 பேருக்கு 5 படம், மண்டப வெளிச்சத்துல 8. ஐம்பது பேரைத் தாண்டினா யாரும் சிமிட்டாத ஒரு படம் கிடைக்கறது அதிர்ஷ்டம்தான். "எல்லாரும் கண்ணை மூடுங்க, மூணு சொன்னதும் திறங்க"ன்னா பாதிக்குப் பாதி குறையும்.

மொத்தக் கூட்டமும், 80 - 100 பேர், மேடையில வேண்டாம். மாடியிலருந்து கீழ எடுங்க, எல்லாரும் தலை நிமிர்ந்தா பின்னாடி நிக்கறவங்க முகமும் தெரியும். மாடி இல்லேன்னா வாசல் போர்டிகோ நிழல்ல எடுங்க, அந்த நேரத்து வெயில்ல கண்ணே திறக்காது.

ஆகஸ்ட் 11

ஆல்பம். 12க்கு 36 அங்குலக் கரிஷ்மான்னா ரெண்டு பக்கமும் விரிஞ்சு 36, நடு மடிப்பு 18ல. ஜோடியைச் சரியா நடுவுல நிறுத்தி எடுத்த படத்தை முழு விரிப்புக்குப் போட்டா மடிப்பு அவங்க ரெண்டு பேர் நடுவுல, சில சமயம் மாப்பிள்ளை மூக்கு மேலயே வரும். டிசைனர்கிட்ட குரூப் படங்களை ஒரு பக்கத்துக்குள்ள வைக்கச் சொல்லுங்க.

வீட்டுல மாட்ட 16க்கு 20 பிரிண்ட் போட்டா ரெண்டு ஓரமும் எட்டு எட்டு சதவீதம் வெட்டுப்படும். ஓரத்துல நிக்கறது சித்தப்பா. எடுக்கும்போதே ரெண்டு பக்கமும் ஒரு ஆள் அகலம் விட்டு எடுக்கச் சொல்லுங்க, இல்லேன்னா 12க்கு 18 போடுங்க, அதுல ஒண்ணும் வெட்டாது.

ஆகஸ்ட் 13

19ஆம் தேதி "நடக்காது"ன்னு எழுதினதைக் கொஞ்சம் வாபஸ் வாங்கறேன். வெள்ளிக்கிழமைன்னு நீங்க எழுதியிருந்ததை நான் சரியா கவனிக்கல. வெள்ளி ராகு காலம் 10:30 - 12. முகூர்த்தம் 10:30க்குள்ள முடியும், பொண்ணை அழைச்சுட்டுப் புறப்படறது 12க்கு மேலதான். ராகு காலம் பார்க்கற வீடுன்னா அந்த ஒன்றரை மணி நேரம் நெருங்கின சொந்தம் யாரும் மண்டபத்தை விட்டு நகர மாட்டாங்க. அரை மணி இல்ல, ஒன்றரை மணி உங்க கையில இருக்கு. திங்கக்கிழமை 6 - 7:30 முகூர்த்தக்காரங்களுக்கும் இதே வசதி, 7:30 - 9 ராகு காலம். ஞாயித்துக்கிழமை ரிசப்ஷன் வைக்கறவங்களுக்கு நேர்மாறு: 4:30 - 6 ராகு காலம் சாயங்கால குரூப் நேரத்தோட இடிக்கும்.

அப்போ உங்களுக்கு: வியாழன் 5:45 - 6:45 கசின்ஸ், நண்பர்கள், ரெண்டு ஏத்தம். வெள்ளி சடங்கோட சேர்ந்து அஞ்சு குரூப். 10:40 - 11:20 பெரியவங்க, அஞ்சு ஏத்தம், முதல்ல அம்மா வழித் தாத்தா பாட்டி, பெரியம்மா நாலாவது. 11:20க்கு மொத்தக் கூட்டம் போர்டிகோவுல. 11:30 ரெண்டாவது பந்தி.

ஆகஸ்ட் 14

கடைசிப் பட்டியலைப் பார்த்தேன். 131 பேர் வருது, உங்க பேர் எங்கயும் இல்லை. பொரி இட மேடை ஏறப்போற அண்ணன் நீங்கதானே. பந்தி, மொய், வேன்னு ஓடிட்டு இருப்பீங்க, யாருக்கும் தோணாது. 4, 9, 17 மூணுலயும் "அண்ணன்"னு சேர்த்து, காகிதத்தையும் உங்க போனையும் 10:30க்கு அத்தைகிட்ட குடுத்துடுங்க.